‘குடலில் டி-செல் லிம்ஃபோமா’ என்று அறிக்கை வந்திருக்கிறது. உடனே கீமோ தொடங்க வேண்டுமா?

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. தறிப்பட்டறையில் மேஸ்திரி. மூன்று வருடமாக வயிற்றுப்போக்கு, விட்டுவிட்டு வயிற்று வலி. 68 கிலோ இருந்தவர் இப்போது 57 கிலோ. முதலில் குடல் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள்; குறையவில்லை. பிறகு க்ரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் என்று எட்டு மாதம் அசாதயோப்ரின் சாப்பிட்டார். போன மாதம் மறுபடியும் எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி செய்து சதை எடுத்து அனுப்பினார்கள். அறிக்கையில் ‘டி-செல் லிம்ஃபோமா’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே, மெதுவாக வளரும் வகையாக இருக்கலாம் என்று ஒரு வரி. புற்றுநோய் மருத்துவர் ஆறு சுற்று கீமோ, அடுத்த வாரமே தொடங்கலாம் என்கிறார். குடல் மருத்துவர் அவசரப்பட வேண்டாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? உறவினர்கள் கோதுமையை நிறுத்தச் சொல்கிறார்கள். பத்தாவது படிக்கும் எங்கள் மகளுக்கும் இது வருமா? இவர் வேலையை விட்டுவிட வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான் குடல் மருத்துவரும் இல்லை, புற்றுநோய் மருத்துவரும் இல்லை. அவர்கள் எடுத்து அனுப்பும் சதைத் துணுக்கை (பயாப்சி) கண்ணாடிச் சிலைடில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதும் நோயியல் மருத்துவன். உங்கள் வீட்டுக் குழப்பம் அப்படிப்பட்ட ஓர் அறிக்கையில்தான் தொடங்கியிருக்கிறது என்பதால் அங்கிருந்தே வருகிறேன்.

முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். கீமோ ஏற்றுவதற்கு முன்னால், அதே பயாப்சியை லிம்ஃபோமா (நோயெதிர்ப்புச் செல்களில் வரும் புற்றுநோய்) வகைகளில் அதிக அனுபவமுள்ள இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டி, இரண்டாவது அறிக்கை வாங்குங்கள். பத்துப் பதினைந்து நாள் ஆகும். மூன்று வருடமாக இழுத்துக்கொண்டிருக்கும் நோயில் அந்தப் பதினைந்து நாள் பொதுவாகப் பெரிய இழப்பு இல்லை. புற்றுநோய் மருத்துவரிடம் மறைத்துச் செய்ய வேண்டாம்; “சிலைடை இன்னோர் இடத்தில் காட்டிவிட்டு வருகிறோம், அதுவரை பொறுக்கலாமா?” என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவர் அவசரப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. குடலில் வரும் டி-செல் லிம்ஃபோமாக்களில் பெரும்பாலானவை பொல்லாதவை. குடலைத் துளைத்துவிடும், பல நோயாளிகள் ஒரு வருடத்தைத் தாண்டுவதில்லை. அறிக்கையின் முதல் வரியை மட்டும் பார்க்கிறவருக்கு அந்த நோய்தான் நினைவுக்கு வரும். ஆனால் இரண்டாவது வரி சொல்லும் நோய் வேறு ஜாதி. அது உண்மையாக இருந்தால் கீமோவால் பலன் கிடைப்பது அரிது. பக்கவிளைவு மட்டும் நிச்சயம்.

அந்த இரண்டாவது நோயைப் பற்றிச் சொல்கிறேன். நம் குடலின் உட்சவ்வு முழுக்க லிம்ஃபோசைட் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் நிறைந்திருக்கின்றன. தினமும் சோற்றோடும் தண்ணீரோடும் உள்ளே போகும் கிருமிகளுக்குக் காவல் அவைதான். அதில் ஒரு வகை டி செல். ஏதோ ஒரு டி செல் தன் மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் தன்னைப் போலவே பிரதிகளைச் சேர்த்துக்கொண்டே போகிறது. வேகமாக இல்லை, ஆண்டுக்கணக்கில். சவ்வுக்குள் கூட்டம் சேரச் சேர, சத்தை உறிஞ்ச வேண்டிய இடம் தடித்து, சில இடங்களில் சிறு முடிச்சுகளாகப் புடைத்து, வேலையை ஒழுங்காகச் செய்யாமல் போகிறது. வயிற்றுப்போக்கு, வலி, எடை குறைவு, சிலருக்கு ரத்தக் கசிவு எல்லாம் இதனால்தான். சிறுகுடலிலும் பெருங்குடலிலும்தான் அதிகம். இரைப்பையிலும் வரும், அபூர்வமாக வாயில்கூட. பெரும்பாலும் நடுத்தர வயதில் வருகிறது.

இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டிய முக்கியமான கட்டுரை 2013இல் ‘பிளட்’ என்ற ரத்தவியல் இதழில் வந்தது. அதில் மொத்தமே 10 நோயாளிகள். அந்தப் பத்துப் பேரில் 6 பேருக்கு முதலில் ஆக்ரோஷமான டி-செல் லிம்ஃபோமா என்று சொல்லி கீமோ கொடுத்திருந்தார்கள். பலன் இல்லை, அல்லது மிகக் குறைவு. மீதி 4 பேருக்கு எந்தச் சிகிச்சையும் கொடுக்காமல் கண்காணித்துவந்தார்கள். கடைசியாகப் பார்த்தபோது 10 பேரும் உயிரோடு இருந்தார்கள்: ஒருவருக்கு நோயே தெரியவில்லை, 9 பேர் நோயோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் பேசும்போது இந்தக் கட்டுரையைக் குறிப்பிடலாம். அவர் எளிதாகத் தேடி எடுத்துவிடுவார்.

கீமோ ஏன் வேலை செய்வதில்லை? வழக்கமான கீமோ மருந்துகள் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்லைத்தான் அடிக்கும். எத்தனை செல் பெருகுகிறது என்பதை கே.ஐ-67 என்ற சாயப் பரிசோதனையில் நாங்கள் எண்ணிச் சொல்வோம். வேகமான லிம்ஃபோமாவில் அது பாதிக்கு மேல், சிலவற்றில் 80 சதவீதம்கூடப் போகும். இந்த நோயில் 10 சதவீதத்துக்குள் இருக்கும், பெரும்பாலும் 5ஐத் தாண்டாது. மற்ற செல்கள் சும்மா இருப்பவை. சும்மா இருக்கும் செல் அந்த மருந்துக்கு அசையாது. தலைமுடியும் ரத்த அணுக்களும்தான் அடி வாங்கும்.

இரண்டாவது அறிக்கையில் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. செல்கள் சிறியவையா, ஒரே சீராக இருக்கின்றனவா? குடல் சுரப்பிகளைத் துளைத்து அழிக்கின்றனவா, ஒதுக்கித் தள்ளுவதோடு நிற்கின்றனவா? இந்த மெதுவான நோயில் நான் சிலைடில் பார்ப்பது தேர்த் திருவிழாக் கூட்டம் மாதிரி: கடைகளை நெருக்கிக்கொண்டு நிற்கும், ஒரு கடையையும் உடைக்காது. வேகமான வகை அப்படியில்லை. குடலின் உட்பரப்புச் செல்களுக்கு நடுவில் புகுந்து, சுரப்பியை அழித்து, குடல் சுவரின் ஆழத்துக்கு இறங்கும்.

அடுத்தது சாயங்கள். செல்லின் மேல் உள்ள புரத அடையாளங்களைக் காட்டுபவை அவை; சிடி8, சிடி56 எல்லாம் அந்த அடையாளங்களின் பெயர்கள். சிடி8 பாசிட்டிவ் என்று மட்டும் எழுதியிருந்தால் எதுவும் தீர்மானமாகாது. மெதுவான நோயிலும் அது பாசிட்டிவ் ஆகும், ஆசியாவில் அதிகம் காணப்படும் ஒரு வேகமான குடல் லிம்ஃபோமாவிலும் பாசிட்டிவ் ஆகும். இரண்டையும் பிரிக்க சிடி56 பார்க்க வேண்டும். அந்த வேகமான வகையில் அது பெரும்பாலும் பாசிட்டிவ், மெதுவான வகையில் நெகட்டிவ். கூடவே கே.ஐ-67 எத்தனை சதவீதம் என்ற எண். இந்த மூன்றும் இல்லாத அறிக்கையை வைத்து கீமோ தொடங்குவது எனக்குச் சம்மதமில்லை.

டி.சி.ஆர். (டி செல்லின் ஏற்பி) மரபணுப் பரிசோதனையில் ‘குளோனல்’ என்று வந்தால் பயந்துவிடாதீர்கள். எல்லாச் செல்களும் ஒரே தாய்ச் செல்லிலிருந்து வந்தவை என்பதுதான் அதன் பொருள். இந்த நோயிலும் அப்படித்தான் வரும். வேகமா மெதுவா என்பதை அந்தப் பரிசோதனை சொல்லாது.

உங்கள் கணவர் விஷயத்தில் இன்னொன்றும் அவசியம். அவர் எட்டு மாதம் அசாதயோப்ரின் சாப்பிட்டிருக்கிறார். நோயெதிர்ப்பை அடக்கும் அந்த மருந்தைச் சாப்பிடுபவர்களில் மிகச் சிலருக்கு எப்ஸ்டீன்-பார் வைரஸோடு தொடர்புள்ள லிம்ஃபோமா வருவதுண்டு. சிலைடில் அந்த வைரஸுக்கான சாயமும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மெதுவான நோயில் அது நெகட்டிவ். பாசிட்டிவாக வந்தால் கதையே வேறு, நான் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. மாத்திரை சாப்பிட்ட விவரத்தை விண்ணப்பத் தாளில் எழுதாவிட்டால் சிலைடு பார்க்கிறவருக்கு அது தெரிய வழியில்லை. எங்களுக்கு வரும் தாள்களில் பாதியில் ‘வயிற்று வலி, பயாப்சி’ என்று இரண்டே சொல்தான் இருக்கும்!

பெயர் விஷயத்திலும் ஒரு குழப்பம் வரும், தயாராக இருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வகைப்பாட்டில் இதை லிம்ஃபோமா என்று அழைக்காமல், மெதுவான டி-செல் பெருக்கக் கோளாறு என்றுதான் வைத்திருந்தார்கள், அதுவும் தற்காலிகப் பட்டியலில். 2022இல் அதே நிறுவனம் ‘மெதுவான டி-செல் லிம்ஃபோமா’ என்று மாற்றியது. அதே ஆண்டு வந்த இன்னொரு சர்வதேச வகைப்பாடு, கோளாறு என்ற பழைய பெயரையே வைத்துக்கொண்டது. ஆகவே ஒரே சிலைடுக்கு ஒரு மருத்துவமனை லிம்ஃபோமா என்றும் இன்னொன்று கோளாறு என்றும் எழுதலாம். ‘மெதுவான’ என்ற சொல் இரண்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். புற்றுநோயா இல்லையா என்று கேட்டிருந்தால் என் பதில்: வகைப்பாட்டில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, நடத்தையில் நாள்பட்ட நோய்.

காசநோய் என்றும் க்ரோன்ஸ் என்றும் சொல்லி ஒரு வருடத்துக்கு மேல் வீணாகிவிட்டதே என்ற வருத்தம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. நம் நாட்டில் சிறுகுடல் முடிவில் புண்ணோ தடிப்போ தெரிந்தால் காசநோயைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அவ்வளவு சகஜம் அது. ஆனால் மருந்து தொடங்கி இரண்டு மாதத்தில் மறுபடி கொலோனோஸ்கோப்பி செய்து புண் ஆறுகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். ஆறவில்லை என்றால் நோயைப் பற்றி மறுபடி யோசிக்கலாம். க்ரோன்ஸ் விஷயமும் அப்படித்தான். மெதுவான டி-செல் நோய் உள்ள பலருக்கு ஆரம்பத்தில் சூட்டப்படும் பெயரே க்ரோன்ஸ்தான். கேமராவில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

சரி, இரண்டாவது அறிக்கையை எப்படி வாங்குவது? பயாப்சி செய்த ஆய்வகத்தில் சிலைடுகளும், மெழுகில் பதித்த சதைக் கட்டிகளும் இருக்கும். எங்கள் புழக்கத்தில் ‘பிளாக்’ என்போம். இரண்டையும் கேளுங்கள். எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். சிலைடு மட்டும் கொடுத்தால் போதாது, புதிய சாயம் போடப் பிளாக்தான் வேண்டும். முந்தைய பயாப்சிகளின் பிளாக்கும் இருந்தால் சேர்த்து வாங்குங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய சதையிலும் அதே செல்கள், அதே அளவில் இருந்தால், மெதுவான நோய் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. எண்டோஸ்கோப்பி அறிக்கை, படங்கள், ஸ்கேன், சாப்பிட்ட மருந்துகளின் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள். வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா மெமோரியல் போன்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள். இதற்குப் பொதுவாக நோயாளி நேரில் போக வேண்டியதில்லை, வீட்டில் ஒருவர் கொண்டுபோனால் போதும். முதலில் போன் செய்து நடைமுறையை விசாரித்துவிடுங்கள். அப்புறம், பிளாக்கை வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். அந்த மெழுகு 60 டிகிரிக்குள் உருகிவிடும்; சித்திரை வெயிலில் மூடிய காரின் முன்பலகை அந்தச் சூட்டைத் தொட்டுவிடும்.

சுறுசுறுப்பான செல்கள் உள்ள இடத்தை ஒளிர்ந்து காட்டும் பெட் ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுக்கச் சொல்வார்கள், எடுங்கள். மெதுவான நோயில் குடல் லேசாகத்தான் ஒளிரும், சில சமயம் ஒளிராது. ஓரிடம் மட்டும் பளிச்சென்று எரிந்தால் அங்கே மறுபடி சதை எடுக்க வேண்டியிருக்கும்.

மெதுவான வகை என்று உறுதியானால் அடுத்து என்ன? இதற்கென்று முடிவான ஒரு சிகிச்சை கிடையாது. தொந்தரவு குறைவாக இருப்பவர்களைக் கண்காணிப்பதோடு சரி. உங்கள் கணவர் 11 கிலோ இளைத்திருப்பதால் மருந்து தேவைப்படலாம். பெரும்பாலும் ஸ்டீராய்டில் தொடங்குவார்கள். அதில் புடெசோனைடு என்ற வகை குடலிலேயே அதிகம் வேலை செய்துவிட்டு ரத்தத்துக்குக் குறைவாகப் போகும் என்பதால் பக்கவிளைவு சற்றுக் குறைவு. அறிகுறி அடங்கும், ஆனால் நிறுத்தினால் திரும்ப வரலாம். ஸ்டீராய்டுக்கு முன்னால் சர்க்கரை, ஹெபடைடிஸ் பி இரண்டையும் பார்க்க வேண்டும். ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற குடற்புழுவையும் மறக்கக் கூடாது. வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களுக்கு ஏறும் புழு அது. வருடக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு, ஸ்டீராய்டு உள்ளே போனதும் உடல் முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகும்.

இந்த நோயின் மரபணு மாற்றங்களும் இப்போது ஓரளவு தெரிந்திருக்கின்றன. 2018இல் வந்த ஓர் ஆய்வில், சிடி8க்குப் பதிலாக சிடி4 என்ற அடையாளம் உள்ள வகை நோயாளிகள் சிலரிடம் ஸ்டாட்3, ஜாக்2 என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஜாக்கைத் தடுக்கும் மாத்திரைகள் ஏற்கெனவே வேறு நோய்களுக்குப் புழக்கத்தில் இருப்பதால், இந்த நோயிலும் ஒரு சிலருக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லாருக்கும் பொருந்தாது, காசநோயையும் கிளப்பிவிடக்கூடிய மாத்திரை. உங்கள் கணவருக்கு எந்த வகை என்று தெரிந்த பிறகு பேச வேண்டிய விஷயம்.

மெதுவானது என்பதால் மறந்துவிடக்கூடியது என்று நினைக்க வேண்டாம். மிகச் சிலருக்குப் பல வருடங்கள் கழித்து இது வேகமான லிம்ஃபோமாவாக மாறியிருக்கிறது. அதனால் குடல் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எண்டோஸ்கோப்பியும் பயாப்சியும் தொடர வேண்டும், அவர் தெம்பாக இருக்கும் வருடத்திலும்கூட. நடுவில் திடீரென்று பொறுக்க முடியாத வயிற்று வலி, வயிறு உப்பி வாந்தி, கறுப்பாகவோ ரத்தமாகவோ மலம், விடாத காய்ச்சல், இரவில் பனியனை நனைக்கும் வியர்வை, ஒரே மாதத்தில் மளமளவென்று எடை இறங்குவது, இதில் எது வந்தாலும் நாள் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டாவது அறிக்கைக்காகக் காத்திருக்கும் இந்தப் பதினைந்து நாளுக்கும் இது பொருந்தும்.

கோதுமை விஷயம். கோதுமைப் புரதத்தால் குடல் கெடும் சீலியாக் நோய் ஒன்று இருக்கிறது. அதிலும் குடலில் லிம்ஃபோசைட்டுகள் பெருகும். உறவினர்கள் அதைத்தான் எங்கோ கேட்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். 2016இல் வெளியான இந்திய ஆய்வில், வடக்கே நூறு பேரில் ஒருவருக்குச் சற்று மேல், தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கு அது இருப்பதாகத் தெரிந்தது. நம் பக்கம் குறைவு என்றாலும் பார்த்துவிட வேண்டும். டி.டி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனை போதும் தொடங்க. ஆனால் கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் பொய்யாக நெகட்டிவ் வரும்; அதனால் ரத்தம் கொடுக்கும்வரை அவர் சப்பாத்தியும் பரோட்டாவும் சாப்பிடட்டும். சீலியாக் இல்லை என்று ஆகிவிட்டால் கோதுமையை நிறுத்துவதில் பலன் இல்லை. ஏற்கெனவே இளைத்த மனிதரின் தட்டிலிருந்து இன்னொன்றை எடுப்பதுதான் மிச்சம். முட்டை, மீன், பருப்பு, குழைந்த சாதம், ஒத்துக்கொண்டால் தயிர், இவற்றை ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இரும்புச் சத்து, பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, ஆல்புமின் அளவுகளைப் பார்த்து, குறைவதை நிரப்பச் சொல்லுங்கள். அதிலேயே அவருக்குப் பாதித் தெம்பு வந்துவிடும். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத சூரணப் பொட்டலங்கள் மட்டும் வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டே கலந்திருக்கும்.

மகளுக்கு வராது. இது பரம்பரை நோய் இல்லை. மரபணு மாற்றம் நடந்திருப்பது அவருடைய குடலில் உள்ள அந்த டி செல்களுக்குள் மட்டும்தான், பிள்ளைகளுக்குப் போகும் வழியில் இல்லை. ஒட்டுவதும் இல்லை, ஒரே தட்டில் சாப்பிடலாம். அவளுக்குச் சோதனை எதுவும் எடுக்க வேண்டாம், பரீட்சைக்குப் படிக்கட்டும்.

வேலையை விட வேண்டியதில்லை. இப்போதைய உடம்புக்கு இரவு ஷிப்டும் பாவு தூக்குவதும் வேண்டாம் என்று முதலாளியிடம் கேட்டுப் பார்க்கட்டும். கழிப்பறை பக்கத்தில் இருக்கும் இடமாக வேலை அமைந்தால் நிம்மதி. இன்ஷூரன்ஸ் இருந்தால், இரண்டாவது அறிக்கை கைக்கு வரும்வரை எந்தப் படிவத்திலும் நோயின் பெயரை நீங்களாக எழுத வேண்டாம், மருத்துவரே எழுதட்டும்.

அறிக்கை வந்ததும் மறுபடி எழுதுங்கள். முடிவுப் பக்கத்தை மட்டும் அனுப்பாமல், சாயங்களின் பட்டியலும் கே.ஐ-67 எண்ணும் உள்ள பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.